கல் தண்ணீரில் மிதக்குமா? ஐசியுவில் வலி மருந்தும் மனக்குழப்பமும்

கல் தண்ணீரில் மிதக்குமா? கடலில் மீன் இருக்குமா? ஒரு கிலோ, இரண்டு கிலோவைவிடக் கனமா? ஆணி அடிக்கச் சுத்தியலைப் பயன்படுத்தலாமா? ஐசியுவில் படுத்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவரிடம் காலையில் நர்ஸ் வந்து இப்படிக் கேட்டால், பக்கத்தில் நிற்கும் மகனுக்குச் சுருக்கென்று கோபம் வரும். அப்பாவை என்னவென்று நினைத்துவிட்டார்கள்? ஆனால் ரத்த அழுத்தம் பார்ப்பதைப் போல இதுவும் ஒரு பரிசோதனைதான். இதயத்துக்கு ஈசிஜி, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின் என்று உறுப்புக்கு ஓர் அளவை வைத்திருக்கும் இடத்தில், மூளை தன் வேலையைச் செய்கிறதா என்று பார்க்க இப்படிப்பட்ட கேள்விகள்தான் இருக்கின்றன.

ஐசியுவில் வரும் மனக்குழப்பத்தைக் கண்டுபிடிக்கும் இந்தச் சோதனைக்குப் பெயர் காம்-ஐசியு. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டாக்டர் வெஸ்லி ஈலியின் குழு 2001இல் இதை வெளியிட்டது. அதற்குப் பத்தாண்டுகள் முன்பே அமெரிக்க டாக்டர் ஷாரன் இனோயே சாதாரண வார்டுகளுக்கு இப்படி ஒரு முறையை வகுத்திருந்தார். ஆனால் அதற்கு நோயாளி பேச வேண்டும். தொண்டைக்குள் குழாய் இறங்கி வென்டிலேட்டரில் இருப்பவரால் எப்படிப் பேச முடியும்? அதனால் தலையசைத்தும் கையை அமுக்கியும் பதில் சொல்லும்படி மாற்றினார்கள். நர்ஸ் பத்து எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். குறிப்பிட்ட ஓர் எழுத்து வரும்போது மட்டும் நோயாளி அவர் கையை அமுக்க வேண்டும். இரண்டு முறைக்கு மேல் தவறினால் கவனம் நிலைக்கவில்லை என்று பொருள். அப்புறம்தான், தேவைப்பட்டால், கல்லும் மீனும் சுத்தியலும்.

நம் ஊரில் அந்த முதல் கேள்வியில் ஒரு சிக்கல் உண்டு. ராமேஸ்வரம் போய் வந்தவர் தொட்டியில் மிதக்கும் கல்லைக் கண்ணால் பார்த்திருப்பார். தேவாரம் ஓதுகிற குடும்பத்துக்காரருக்கு அப்பர் கல்லோடு மிதந்து கரையேறிய கதை நினைவுக்கு வரும். 'மிதக்கும்' என்று அவர் தலையாட்டினால் தவறு என்று குறிப்பதா? ஒரு தவறுவரை மன்னிப்பு உண்டு என்பதால் நம் ஆட்கள் பிழைத்தார்கள்.

சரி, இவ்வளவு மெனக்கெட்டுக் கண்டுபிடிக்கப் பார்ப்பது டெலிரியம் என்ற நிலையை. நமக்கு அது புதிதல்ல. காய்ச்சல் முற்றிப் பிதற்றுபவரைப் பார்த்து 'ஜன்னி கண்டுவிட்டது' என்று பாட்டிமார் சொன்னது ஏறக்குறைய இதைத்தான். லத்தீனில் அந்தச் சொல்லின் வேர் வயலில் இருக்கிறது: ஏர் தன் உழவுசாலிலிருந்து விலகிப்போவது. கோணல் சால் ஓட்டுகிற மாடு மாதிரி, மனம் தன் தடத்திலிருந்து நழுவுகிறது. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ இது தொடங்கும். காலையில் தெளிவு, மாலையில் குழப்பம் என்று ஏறி இறங்கும். எதிலும் கவனத்தை நிறுத்த முடியாது. டிமென்ஷியா வருடக்கணக்கில் ஊர்ந்து வருவது. இது நேற்றுவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவருக்கு இன்று வருவது. 'வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்' என்று தள்ளிவிடக் கூடாததற்கு அந்த ஒரு வித்தியாசமே போதும்.

ஐசியு குழப்பம் என்றதும் நம் மனதில் வருவது ட்யூபைப் பிடுங்கி எறிந்துவிட்டு, 'என்னைக் கடத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள், போலீஸைக் கூப்பிடு' என்று கத்துகிற நோயாளி. உண்மையில் இந்த வகை அரிது. வாண்டர்பில்ட் குழு 2006இல் வெளியிட்ட ஒரு கணக்கில், டெலிரியம் வந்தவர்களில் முழுக்க முழுக்க இப்படி ஆர்ப்பாட்டம் செய்தவர்கள் 1.6 சதவீதம் மட்டுமே. 43.5 சதவீதத்தினர் சத்தமே இல்லாமல் படுத்துக் கிடந்தார்கள். மற்றவர்கள் இரண்டுக்கும் நடுவே ஊசலாடினார்கள். அமைதியாகக் கிடப்பவரைப் பார்த்து 'பாவம், நல்லா ஓய்வெடுக்கிறார்' என்று உறவினரும் சொல்வார், டூட்டி டாக்டரும் அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிடுவார். உள்ளே மூளை தள்ளாடிக்கொண்டிருப்பது யாருக்கும் தெரியாது.

இது தானாகச் சரியாகிவிடுகிற தற்காலிகத் தொல்லை என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2004இல் ஈலியின் குழு வென்டிலேட்டரில் இருந்தவர்களைப் பின்தொடர்ந்து பார்த்ததில், டெலிரியம் வந்தவர்களில் 34 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் இறந்திருந்தார்கள். வராதவர்களில் 15 சதவீதம். பிழைத்தவர்களின் கதை 2013இல் வந்தது. ஐசியுவில் இருந்த 821 பேரைச் சேர்த்துத் தொடர்ந்தார்கள். அவர்களில் ஏற்கெனவே அறிவுத்திறன் குறைவு இருந்தவர்கள் வெறும் 6 சதவீதம். ஓர் ஆண்டு கழித்துச் சோதித்தபோது மூன்றில் ஒருவருக்கு நினைவும் சிந்தனையும் நடுத்தரத் தலைக்காயம் பட்டவரின் அளவில் இருந்தன. நான்கில் ஒருவருக்கு ஆரம்பநிலை அல்சைமர் நோயாளியின் அளவில். டெலிரியம் எத்தனை நாள் நீடித்ததோ அத்தனைக்குப் பாதிப்பும் கூடியிருந்தது. குழப்பம்தான் பாதிப்பை உண்டாக்கியதா, நோயின் கடுமை இரண்டையும் சேர்த்துக் கொண்டுவந்ததா என்ற விவாதம் ஓயவில்லை. ஆனால் அந்த ஆண்டுக்குப் பிறகு இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

இப்போது வலிக்கு வருவோம். வெளியே நிற்பவர்களுக்கு ஐசியு என்றால் மானிட்டர் சத்தம். உள்ளே கிடப்பவருக்கு அது பெரும்பாலும் வலி. அறுவைக்காயம் ஒரு பக்கம் இருக்கட்டும். நெஞ்சில் போட்ட வடிகுழாய், மூத்திர ட்யூப், மூக்கு வழியாக இறங்கும் உணவுக்குழாய், சளி உறிஞ்சும்போது வரும் மூச்சுமுட்டல், வறண்டு ஒட்டிக்கொண்ட நாக்கு எல்லாம் சேர்ந்து கூடுகின்றன. 2001இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு ஆறு வகை நடைமுறைகளை எடுத்து நோயாளிகளிடம் கேட்டது. பெரியவர்களுக்கு அதிகம் வலித்தது ஊசியோ ட்யூபோ அல்ல, திருப்பிப் படுக்க வைப்பது. படுக்கைப் புண் வராமலிருக்க நாள் முழுக்கச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை செய்கிற வேலை அது. இரவிலும்.

வாயில் குழாய், கைகள் கட்டிலோடு கட்டப்பட்டவை. 'வலிக்குது' என்று சொல்ல அவருக்கு வழியில்லை. முகத்தைச் சுளிக்கிறார், உடம்பை முறுக்குகிறார், மெஷினோடு மல்லுக்கட்டுகிறார். பார்ப்பவருக்கு இது என்னவாகத் தெரியும்? 'பேஷண்ட் ரொம்ப ரெஸ்ட்லெஸ்ஸா இருக்கார்.' உடனே ஒரு தூக்க ஊசி. அவர் அடங்கிவிடுவார். வலி அடங்கியதா என்பது வேறு கேள்வி. அதை யாரும் கேட்பதில்லை. இந்தக் கட்டுரையின் மையமே அந்த இடம்தான். வலிக்குக் கொடுக்கும் மருந்தும் ஆளை அடக்கக் கொடுக்கும் மருந்தும் வேறு வேறு. ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கொடுத்ததில்தான் ஐசியு டெலிரியத்தின் பாதிக் கதை இருக்கிறது என்பது என் எண்ணம்.

வாய் பேச முடியாதவரின் வலியை அளக்க வழி இருக்கிறது. 2001இல் பிரான்ஸிலும் 2006இல் கனடாவின் கியூபெக்கிலும் இரண்டு அளவுகோல்களை உருவாக்கினார்கள். கியூபெக்கின் செலின் ஜெலினாஸ் உருவாக்கியதில் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்: முகச்சுளிப்பு, உடல் அசைவு, தசை இறுக்கம், வென்டிலேட்டரோடு ஒத்துப்போகிறாரா இல்லையா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 8. மூன்றைத் தொட்டால் வலி இருக்கிறது என்று கொள்ளலாம். ஒரு நிமிட வேலை, செலவில்லை. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுவதை வைத்து மட்டும் வலியை முடிவு செய்யாதீர்கள் என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. காய்ச்சலிலும் அவை ஏறும், மருந்தில் இறங்கிவிடும்.

வலியை விட்டுவிட்டால் என்ன ஆகும்? இதற்கு நல்ல சான்று ஐசியுவில் இல்லை, எலும்பு வார்டில் கிடைத்தது. இடுப்பெலும்பு முறிந்து நியூயார்க்கில் நான்கு மருத்துவமனைகளில் சேர்ந்த 541 பேரைப் பற்றிய ஆய்வு 2003இல் வந்தது. நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் மார்ஃபினுக்கு ஈடான ஊசி மருந்துகூடப் பெறாதவர்களுக்கு டெலிரியம் வரும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. அதுவரை புத்தி தெளிவாக இருந்தவர்களில், கடும் வலியோடு விடப்பட்டவர்களுக்கு ஒன்பது மடங்கு. 'மார்ஃபின் கொடுத்தால் கிழவர் குழம்பிவிடுவார்' என்று பயந்து குறைத்தவர்கள்தான் குழப்பத்தை வரவழைத்தார்கள்! வலி தூக்கத்தைக் கெடுக்கிறது, அழுத்த ஹார்மோன்களை ஏற்றுகிறது, அசைய விடாமல் கட்டிப் போடுகிறது. ஏற்கெனவே தள்ளாடும் மூளைக்கு அந்த மூன்றும் போதும்.

கதை இங்கே முடிந்திருந்தால் எளிது. 2021இல் நெதர்லாந்தின் யூட்ரெக்ட் பல்கலைக்கழக மருத்துவமனையிலிருந்து இன்னொரு கணக்கு வந்தது. ஐசியுவில் இருந்த 4,075 பேரின் ஒவ்வொரு நாளையும் எடுத்துப் பார்த்தார்கள். இன்று விழிப்போடு, குழப்பமில்லாமல் இருக்கும் ஒருவருக்கு மார்ஃபின் வகை மருந்து கொடுத்தால் நாளை அவர் டெலிரியத்தில் இருக்க எவ்வளவு வாய்ப்பு? ஏதாவது ஓர் அளவு கொடுத்திருந்தாலே வாய்ப்பு விகிதம் 45 சதவீதம் கூடியது. கூடுதலாகக் கொடுத்த ஒவ்வொரு 10 மில்லிகிராமுக்கும் 2.4 சதவீதம் ஏறியது. வலி இருந்ததா என்பதையும் கணக்கில் சேர்த்த பிறகும் இதுதான் விடை.

இரண்டு ஊர்களிலும் அதே 10 மில்லிகிராம் வருவதைப் பாருங்கள். நியூயார்க்கில் அதற்குக் கீழே போனால் ஆபத்து. யூட்ரெக்டில் ஒவ்வொரு 10ம் மேலே ஏற ஏற ஆபத்து. முரண்பாடு மாதிரித் தெரிகிறது. இரண்டு இடத்து நோயாளிகளும் வேறு, நோயும் வேறு. இரண்டுமே நடந்ததைப் பின்னால் நின்று எண்ணிய ஆய்வுகள். சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்தவை அல்ல. அதிக மருந்து வாங்குகிறவர் பெரும்பாலும் அதிக நோயாளி, என்னதான் கணக்கில் கழித்தாலும் அதன் நிழல் கொஞ்சம் ஒட்டியிருக்கும். ஆனால் இரண்டையும் சேர்த்து வாசித்தால் எனக்கு ஒன்று புலப்படுகிறது. மருந்தின் பெயரைவிட, எதற்காக, எவ்வளவு, எந்த நேரத்தில் என்பதே இங்கே முக்கியம். இட்லி மாவுக்கு உப்பு மாதிரி. போடாமலும் முடியாது, கைதவறவும் கூடாது.

கைதவறுவது எப்படி நடக்கிறது என்பதுதான் சுவாரஸ்யம். நம் ஐசியுக்களில் அதிகம் ஓடுவது மார்ஃபினைவிட, அதே வகை வலி மருந்தான ஃபென்டனில். 100 மைக்ரோகிராம் ஃபென்டனில் சுமார் 10 மில்லிகிராம் மார்ஃபினுக்குச் சமம் என்பது பொதுவான கணக்கு. சிரிஞ்ச் பம்பில் மணிக்கு 50 மைக்ரோகிராம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்கச் சின்ன எண். ஆனால் 24 மணி நேரத்தில் 1,200 மைக்ரோகிராம். மார்ஃபினில் 120 மில்லிகிராம். யூட்ரெக்டின் 10 மில்லிகிராம் படிகளில் இது பன்னிரண்டு. 2.4 சதவீதத்தைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆகாது, அதுவும் தோராயம். ஆனாலும் அந்த அளவை யாரும் உட்கார்ந்து யோசித்துக் கொடுக்கவில்லை, பம்ப் கொடுத்தது. நோயாளிக்கு வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதிகாலை மூன்று மணிக்கும் பம்ப் ஓடும். போதாததற்கு ஃபென்டனில் கொழுப்பில் கரைவது. நாள்கணக்கில் ஓடினால் உடம்பின் கொழுப்பில் சேர்ந்துகொண்டு, நிறுத்திய பிறகும் மெதுவாக ரத்தத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கும்.

மார்ஃபினுக்கு வேறொரு குணம். ஈரல் அதை உடைத்து உண்டாக்கும் பொருள்கள் சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டும். சிறுநீரகம் படுத்துவிட்டால் அவை தேங்கும், மருந்து நிறுத்திய பிறகும் மயக்கமும் குழப்பமும் தொடரும். பெத்தடின் இன்னும் மோசம். பிரசவ வலிக்குப் போடும் ஊசி என்று நம் வீட்டுப் பெண்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். அது உடைந்து வரும் நார்பெத்தடின் நரம்புகளைக் கிளறிவிடும். தேங்கினால் நடுக்கம், வலிப்புவரை போகும். நியூயார்க் ஆய்விலும் மற்ற மருந்துகளைவிடப் பெத்தடின் வாங்கியவர்களுக்கு டெலிரியம் இரண்டு மடங்குக்கு மேல். முதியவர்களுக்கு அதைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். ட்ரமடால் 'லேசான' மருந்து என்று நம்பிக் கொடுக்கப்படுகிறது. அதுவும் வலிப்பைத் தூண்டக்கூடியது, முதியவர்களைக் குழப்பக்கூடியது.

இந்த இடத்தில் நம் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மார்ஃபினை வைத்திருப்பதற்கே பல உரிமங்களைக் கேட்டது. பல மருத்துவமனைகள் அந்தத் தலைவலியே வேண்டாம் என்று விட்டுவிட்டன. 2014இல் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின், ஃபென்டனில் போன்றவற்றை அத்தியாவசியப் போதை மருந்துகள் என்று தனி வகையாக்கி விதிகளை எளிதாக்கினார்கள். இருந்தாலும் ஒரு தலைமுறை டாக்டர்கள் மார்ஃபினைக் கையில் எடுக்காமலே படித்து முடித்துவிட்டார்கள். மேலை நாடுகளில் 'அதிகம் கொடுத்துவிட்டோமா' என்ற கவலை. இங்கே பல இடங்களில் 'கொடுத்தோமா' என்பதே கேள்வி.

அடக்கும் மருந்துகளின் கதை இதைவிடத் தெளிவு. மிடசோலம், லோரசிபாம் போன்ற பென்சோடையசிபைன்கள் வலியைத் துளிகூடக் குறைக்காது. ஆளை மயக்கும், நினைவை அழிக்கும், அவ்வளவுதான். லோரசிபாம் வாங்குகிறவர் மறுநாள் டெலிரியத்தில் விழ வாய்ப்பு அதிகம் என்று 2006இல் பிரதீக் பண்டரிபாண்டே வாண்டர்பில்டிலிருந்து காட்டினார். 2009இல் மிடசோலத்தையும் டெக்ஸ்மெடிடோமிடின் என்ற வேறு வகை மயக்க மருந்தையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்டார்கள்: மிடசோலம் வாங்கியவர்களில் 76.6 சதவீதம் பேருக்கு டெலிரியம், மற்றவர்களில் 54. கோவிட் காலத்தில் 14 நாடுகளின் ஐசியுக்களில் இருந்த 2,088 பேரை எண்ணியபோதும் பென்சோடையசிபைன் வாங்கியவர்களுக்கு ஆபத்து 59 சதவீதம் கூடுதல்.

ஒரே ஒரு விதிவிலக்கு. அது தமிழ்நாட்டில் சின்ன விதிவிலக்கு இல்லை. தினமும் குடித்துப் பழகியவர் விபத்திலோ அறுவை சிகிச்சைக்கோ உள்ளே வந்து படுத்தால், குடி நின்ற இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுங்கும், வியர்க்கும், சுவரில் பூச்சி ஊர்வது தெரியும். அதுவும் டெலிரியம்தான், ஆனால் அதற்கு மருந்தே பென்சோடையசிபைன். இங்கே கொடுக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. 'குடிப்பழக்கம் உண்டா' என்று டாக்டர் கேட்டதும் மானத்துக்குப் பயந்து 'எப்பவாவது ஃபங்ஷன்ல' என்று மழுப்புகிற குடும்பம், எந்த வகை டெலிரியம் என்று தெரிவதற்கான ஒரே துப்பை மறைத்துவிடுகிறது. இதேபோல, பல நாள் ஓடிய ஃபென்டனிலையோ மிடசோலத்தையோ சட்டென்று நிறுத்தினாலும் உடம்பு ஏங்கிக் குழம்பும். படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

முன்பெல்லாம் வென்டிலேட்டர் என்றாலே ஆழ்ந்த மயக்கம். நோயாளி அசையாமல் கிடப்பதுதான் நல்ல ஐசியுவின் அடையாளம். 2000இல் சிகாகோவில் ஜான் கிரெஸ் குழு ஒரு துணிச்சலான வேலை செய்தது: தினமும் ஒருமுறை மயக்க மருந்தையும் மார்ஃபினையும் நிறுத்தி நோயாளியை விழிக்க விட்டார்கள். வென்டிலேட்டரில் கழித்த நாட்கள் 7.3இலிருந்து 4.9 ஆகக் குறைந்தன. பத்து ஆண்டு கழித்து டென்மார்க்கின் ஓடென்ஸில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மயக்க மருந்தே கிடையாது, வலிக்குச் சின்னச் சின்ன மார்ஃபின் ஊசி மட்டும். வென்டிலேட்டர் இல்லாத நாட்கள் கூடின. ஆனால் ஆர்ப்பாட்டமான டெலிரியம் 7 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக ஏறியது! விழித்திருப்பவரின் குழப்பம்தான் கண்ணுக்குத் தெரியும். மயக்கத்தில் கிடப்பவருடையது எப்படித் தெரியும் என்று இதற்கு ஒரு பதில் உண்டு. அது முழுப் பதிலா என்று எனக்குச் சந்தேகம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஓடென்ஸில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ். கலங்கினால் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரத் தனியாக ஆள் வந்தார். மூன்று படுக்கைக்கு ஒரு நர்ஸ் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் அதே முறையை அப்படியே கொண்டுவந்தால் என்ன நடக்கும்? கையைக் கட்டிப் போடுவார்கள். கட்டிப் போடுவதும் டெலிரியத்தை வளர்க்கும்.

டெலிரியம் வந்துவிட்டால் குணப்படுத்த மருந்து இருக்கிறதா? மனநோய்க்குக் கொடுக்கும் ஹேலோபெரிடால் பல பத்தாண்டுகளாக ஐசியுவின் கைமருந்து. 2018இல் அமெரிக்காவில் டெலிரியம் வந்த 566 பேருக்கு ஹேலோபெரிடால், அதே வகையைச் சேர்ந்த சிப்ராசிடோன், வெறும் உப்புநீர் என்று பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். குழப்பமில்லாமல் உயிரோடு இருந்த நாட்களில் மூன்று கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. அதிலும் பத்தில் ஒன்பது பேர் அமைதி வகை. ட்யூபைப் பிடுங்குகிறவரை அந்த நேரத்துக்கு நிறுத்த ஹேலோபெரிடால் கொடுப்பதில் தப்பில்லை. அது குழப்பத்தை நீக்குகிறது என்று நினைத்தால்தான் தப்பு. டெக்ஸ்மெடிடோமிடின் மிடசோலத்தை வென்றது உண்மை. ஆனால் 2021இல் செப்சிஸ் என்ற கடும் தொற்று நோயாளிகளிடம் புரோபோஃபால் என்ற இன்னொரு மயக்க மருந்தோடு மோதவிட்டபோது சமநிலைதான். அதற்கென்று ஒரு மகிமை இருப்பதாகத் தெரியவில்லை. பென்சோடையசிபைனைத் தவிர்த்ததில்தான் லாபம் போலிருக்கிறது.

அப்படியானால் வலிக்கு மார்ஃபின் வகையைக் குறைத்துக்கொண்டு வேறு எதைக் கொடுப்பது? விடை சில நேரம் நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. பாஸ்டனில் இதய அறுவை செய்துகொண்ட 60 வயதுக்கு மேற்பட்ட 120 பேரில் ஒரு பாதிக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாகப் பாரசிட்டமால் கொடுத்தார்கள். 2019இல் வந்த முடிவில், அவர்களில் 10 சதவீதம் பேருக்கு டெலிரியம், மற்றவர்களில் 28. சின்ன ஆய்வுதான், இதை வைத்து ஊரைக் கூட்ட வேண்டாம். ஆனால் பாரசிட்டமால் காய்ச்சல் மாத்திரை என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு நிமிடம் யோசிக்கலாம். எதிர்மாறான பாடம் கெட்டமின் என்ற மயக்க மருந்தில் கிடைத்தது. அறுவை அரங்கில் ஒரு சிறு அளவு கெட்டமின் கொடுத்தால் டெலிரியம் குறையும் என்ற நம்பிக்கையைச் சோதித்த 2017ஆம் ஆண்டு ஆய்வில் 672 பேர். டெலிரியம் குறையவே இல்லை, மாயக்காட்சியும் கெட்ட கனவும்தான் கூடின. விலா எலும்பு முறிவுக்கும் இடுப்பு முறிவுக்கும் அந்த இடத்து நரம்பை மட்டும் மரத்துப்போகச் செய்கிற ஊசி இருக்கிறது. மூளையை மயக்காமல் வலி அடங்கும். செய்யத் தெரிந்த மயக்கவியல் டாக்டர் வேண்டும், அவ்வளவுதான்.

மருந்தில்லாத வழிகள் என்றதும் பலருக்கு அது ஆறுதலுக்குச் சொல்வது போலத் தோன்றும். எண்கள் அப்படிச் சொல்லவில்லை. இனோயே 1999இல் 852 முதியவர்களிடம் செய்து காட்டியது இதுதான்: இது என்ன நாள், எந்த இடம் என்று அடிக்கடி சொல்வது, இரவில் தூங்க விடுவது, எழுப்பி நடக்க வைப்பது, கண்ணாடியும் காது மெஷினும் கொடுப்பது, தண்ணீர் குடிக்க வைப்பது. டெலிரியம் 15 சதவீதத்திலிருந்து 9.9 ஆக இறங்கியது. 2009இல் வென்டிலேட்டரில் இருப்பவர்களையே மயக்கத்தைக் குறைத்து எழுப்பி உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். குழப்பம் நீடித்த காலம் நான்கு நாளிலிருந்து இரண்டானது. எந்த மாத்திரையும் இதைச் செய்யவில்லை. கோவிட் கணக்கிலும் நேரிலோ வீடியோவிலோ குடும்பத்தாரைப் பார்க்க முடிந்தவர்களுக்கு ஆபத்து 27 சதவீதம் குறைவு.

நம் ஊர் ஐசியுவில் மாலை ஐந்து மணிக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒருவர் மட்டும், பத்து நிமிடம் என்று உள்ளே விடுவார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் மகளால் முடிகிற ஒன்று டாக்டராலும் முடியாது. 'அப்பா இப்படிப் பேசுகிறவர் இல்லை' என்று சொல்ல அவருக்கு மட்டும்தான் தெரியும். காம்-ஐசியுவின் முதல் கேள்வியே அதுதான்: வழக்கமான ஆளிலிருந்து மாறியிருக்கிறாரா? திரும்பி வரும்போது சிஸ்டரிடம் 'தூங்க ஊசி போட்டுவிடுங்கள்' என்பதற்குப் பதில் 'வலி இருக்கிறதா பார்த்தீர்களா' என்று கேட்டால், அளவுகோலை எடுக்க ஒரு காரணம் கிடைக்கும்.

வெளியே நாற்காலியில் மகளின் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். அட்மிஷன் அன்று அட்டெண்டர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தது. உள்ளே மோதிரம், வாட்ச், பல் செட், காது மெஷின், மூக்குக் கண்ணாடி. அப்பா மூன்று நாளாக டிரிப் ஸ்டாண்டைப் பார்த்து யாரோ நிற்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.